சூரியனை வேலைக்கு வைத்த சாயப்பட்டறை

உலகத்திலேயே சூரியனுக்கு முதன்முதலாக ஒரு வேலை போட்டுக் கொடுத்த பெருமை அந்தச் சாயப்பட்டறைக்கே உரியது. அதற்கு முன்பு சூரியன் என்ன செய்துகொண்டிருந்தது? காலையில் வரும், மாலையில் போகும். வருகைப் பதிவு கிடையாது, மேலதிகாரி கிடையாது. இப்படிக் கேட்பாரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திரத்தைக் கூப்பிட்டு, "இந்தா, இந்தக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணு" என்று பொறுப்பைக் கொடுத்து, அதை ஆளாக்கிய நிறுவனம் அது. பிறகு அதே நிறுவனம் சூரியனை என்ன செய்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முன்னேற்றம் பிடிக்காதவர்கள் எங்கும்தான் இருக்கிறார்கள்.

பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஒரு தெரு. தெருவின் நடுவில் ஓர் அடிகுழாய். மற்ற இடங்களில் அடிகுழாயில் தண்ணீர் மட்டும்தான் வரும். அங்கே செய்தியும் சேர்ந்து வரும். குடிக்கும் தண்ணீர் லாரியில் வந்துவிடும் என்பதால், குழாய்த் தண்ணீர் துவைக்கவும், பட்டறை நிலவரம் தெரிந்துகொள்ளவும் பயன்பட்டது.

"என்னங்க, நீல ஆர்டர் முடிஞ்சிடுச்சு போலிருக்கே. இன்னைக்கு மெரூன் வருது" என்பாள் மனைவி, வாசலில் குடத்தை இறக்கிக்கொண்டே.

"அப்படியா? எனக்கு இன்னும் சொல்லலையே" என்பார் பட்டறையிலேயே வேலை பார்க்கும் கணவர்.

அவரைப் பட்டறையில் எல்லாரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வால்வை மூடுவார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். யார் எதைச் சொன்னாலும், "சரியா இருக்குமா?" என்பார். இந்தக் குணத்துக்காகவே அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. நிர்வாகம் என்றால் உறுதி வேண்டுமல்லவா?

சந்தேகத்துக்கு ஒரே மகள். அவளுடைய பள்ளியில் சீருடை வெள்ளைச் சட்டை. தலைமையாசிரியை காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு காலரையும் பார்ப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது அவருடைய நீண்ட அனுபவம்.

"இது என்ன?"

"சட்டை டீச்சர்."

"ரோஸா இருக்கு."

"எங்க தெருக் குழாய்ல அப்படித்தான் டீச்சர் வருது. போன வாரம் பச்சை வந்துச்சு."

"ரோஸ்ங்கிறது ஒரு நிறம். வெள்ளைங்கிறது ஒரு ஒழுக்கம். இன்னொரு தடவை நிறத்தோட வந்தா, பேரை எடுத்துடுவேன். வீட்டுல சொல்லிடு."

வீட்டில் சொன்னாள். மனைவி சட்டையை எடுத்துக் கணவரின் மடியில் போட்டாள்.

"உங்க பட்டறைச் சாயத்துக்கு உங்க பொண்ணு பேரு போகப் போகுது. ஏதாவது செய்யுங்க. சந்தேகம் மட்டும் பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க."

இப்படி ஒரு குடும்பத்தின் மானம் ஒரு காலரில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பட்டறை அந்த மகத்தான காரியத்தைச் செய்தது. வெளியூரிலிருந்து வேதியியல் படித்த ஒரு மேடம் வந்தார். முற்றத்தில் கணுக்கால் ஆழத்துக்கு அகலமான தொட்டிகளைக் கட்டினார். தொட்டிகளின் அடியில் வெள்ளை வெளேரென்று டைல்ஸ் பதித்தார். டைல்ஸ் மேல் ஒளிவினையூக்கி என்ற பொடியைப் பூசிச் சுட்டிருந்தார்கள். வெயில் அதன்மேல் பட்டால் போதும். பொடி விழித்துக்கொண்டு, மேலே ஓடும் தண்ணீரில் இருக்கும் சாயத்தை நார் நாராகக் கிழித்துவிடும் என்றார் மேடம்.

"சரியா இருக்குமா மேடம்?" என்றார் சந்தேகம்.

"நிறம் போயிடும். உப்பு போகாது. அதனால குடிக்க முடியாது, துவைக்கலாம்" என்றார் மேடம். கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது சந்தேகத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கே கிடைத்தது. சோதனை ஓட்டத்தில் ஒரு பக்கம் மெரூன் தண்ணீர் போனது. மறு பக்கம் வெறும் தண்ணீர் வந்தது. தெருக் குழாய்கூட வெளிற ஆரம்பித்தது. மேடம் ஊருக்குக் கிளம்பும்போது, "தொட்டிக்கு மேல எதையும் போட்டுடாதீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நிர்வாக அனுபவம் போதாது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்தது.

அடுத்த வாரம் அரசாங்க அதிகாரி பார்வையிட வந்தார். தொட்டியின் கரையில் நின்றுகொண்டு, "நிலையம் எங்கே?" என்றார்.

"இதுதான் சார்" என்றார் மேனேஜர்.

"இது தரை."

"தரை மாதிரி இருக்கும் சார். ஆனா தண்ணி சுத்தமா..."

"தண்ணி கிடக்கட்டும். கதவு எங்கே? கதவு இல்லாம நான் எப்படி உள்ளே போய்ப் பார்வையிடுறது?"

அதிகாரி உள்ளே போகாமலே திரும்பிப் போனார். அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"நிலையம்னா கதவு வேணும்" என்று மேனேஜர் ஆரம்பித்தார். "கதவுன்னா சுவர் வேணும். சுவர்னா கூரை வேணும். கூரை இருந்தாத்தான் பெயர்ப்பலகை வைக்க முடியும். பெயர் இல்லாத நிலையத்துக்கு யாருய்யா விருது குடுப்பான்?"

சந்தேகம் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"வந்துடுச்சுப்பா" என்றார் கணக்கர்.

"சார், கூரை போட்டா... வெயில் வருமா?"

மேனேஜர் புன்னகை செய்தார்.

"அந்த மேடம் என்ன சொன்னாங்க?"

"தொட்டிக்கு மேல எதையும் போடாதீங்கன்னு."

"நாம தொட்டி மேலயா போடுறோம்? சுவர் மேலதானே போடுறோம்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. 'சூரியனின் இதுவரையான சேவையை நிர்வாகம் பாராட்டுகிறது. மறு உத்தரவு வரும்வரை அதற்கு ஓய்வு அளிக்கப்படுகிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. சந்தேகமும் கைதட்டினார். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் தட்டாமலிருப்பது சரியா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கூரை வந்தது. 'ஒளிநீர்' என்று ஆள் உயரப் பெயர்ப்பலகை வந்தது. தொட்டிக்குள் போன நிறத்தோடே தண்ணீர் வெளியே வந்தது. மறுபடி கூட்டம்.

"இருட்டா இருக்குல்ல, அதான். விளக்குப் போட்டுடலாம்" என்றார் மேனேஜர். இதற்கென்றே உள்ள புற ஊதா விளக்குகளை வரவழைத்தார்கள். மின்கட்டணத்தைப் பார்த்துக் கணக்கர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது கூட்டம்.

"கூரை மேல வெயில் சும்மாதானே விழுது? சோலார் பேனல் வச்சா மின்சாரம் வரும்!" என்றார் மேனேஜர்.

இப்படியாகச் சூரியன் 'ஒப்பந்த அடிப்படையில்' மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டது. வெயில் கூரை மேல் விழும். பேனலில் மின்சாரமாகும். கம்பி வழியாகக் கீழே இறங்கும். விளக்கில் புகுந்து மறுபடி வெளிச்சமாகித் தொட்டியில் விழும். நேராகவே தொட்டியில் விழலாமே என்று சிலர் கேட்டார்கள். நேராக விழுந்தால் அதில் நிர்வாகம் எங்கே இருக்கிறது?

உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த விளக்குகள் ஓரளவு வேலை செய்தன. தண்ணீர் பாதி வெளுத்தது. அப்போது பார்த்து முதலாளி வந்தார்.

"என்னய்யா, ஒண்ணுமே எரியலையே?"

"எரியுது சார். லேசா ஊதா தெரியும், அவ்வளவுதான். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்றார் மேனேஜர்.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு நான் செலவு பண்ணணுமா? நாளைக்கு நாலு பேர் வந்து பார்த்தா என்ன நினைப்பான்? நல்லா பளிச்சுன்னு போடு."

பளிச்சென்று போட்டார்கள். கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலங்கார நீல விளக்கு. உள்ளே நுழைந்தால் கடலுக்கு அடியில் நிற்பது போல இருக்கும். பொடி மட்டும் அந்த வெளிச்சத்தில் கண்ணே திறக்கவில்லை. ஆனால் நீல விளக்குக்கு ஓர் அபூர்வ குணம் இருந்தது. அதன் கீழே எல்லாம் நீலமாகத் தெரிந்தது. அதிகாரி இந்த முறை கதவு வழியாக முறைப்படி உள்ளே வந்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்த்து, நெகிழ்ந்துபோனார்.

"உள்ளே போற தண்ணிக்கும் வெளியே வர்ற தண்ணிக்கும் வித்தியாசமே தெரியலையே! இதுக்குப் பேர்தான் சீரான தரம்."

'ஒளிநீர்' நிலையத்துக்குத் 'தெளிவு விருது' என்று முடிவானது. தெருக் குழாயில் ரோஸ் வந்தது.

இனி சந்தேகம் செய்த குற்றத்துக்கு வருவோம்.

கூரைக்குத் தூண் நட்டபோது ஓரத்து டைல்ஸைப் பெயர்த்துச் சுவருக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். "குப்பை, யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்க" என்று மேனேஜரே சொன்னார். சந்தேகம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். போகும் வழியில் திரும்பி வந்து, "எடுத்துக்கலாம்னுதானே சார் சொன்னீங்க?" என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்.

"இதை வச்சு நான் என்ன கோபுரமா கட்டப் போறேன்?" என்றாள் மனைவி.

அவர் துணி அலசும் அகலமான பேசினின் அடியில் டைல்ஸை அடுக்கினார். குழாய்த் தண்ணீரை ஊற்றினார். வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தார். விடுமுறை நாள் என்பதால், உள்ளே போவதும் வந்து பார்ப்பதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் கையால் கலக்கிவிட்டார். நிழல் நகர்ந்தால் பேசினையும் நகர்த்தினார்.

வெயில் சாயும் நேரம் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல இருந்த தண்ணி எங்க போச்சு? கொட்டிட்டீங்களா?"

"கையை விட்டுப் பாரு."

விட்டாள். மணிக்கட்டுவரை நனைந்தது. ஈரக் கையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீரில் மகளின் சட்டையைத் துவைத்தாள். மறுநாள் பள்ளி விட்டு மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, டீச்சர் என் காலரைத் தொட்டுப் பார்த்தாங்கப்பா! இது புதுசான்னு கேட்டாங்க. இல்ல டீச்சர், வெயில்ல வெளுத்ததுன்னேன். எதுவும் சொல்லல. 'போ'ன்னாங்க!"

செய்தி தெருவில் பரவியது. சுவருக்குப் பின்னாலிருந்த குப்பை ஒரே நாளில் காலியானது. வாசலுக்கு வாசல் பேசின், பேசினுக்குள் டைல்ஸ். "அக்கா, என் பேசின்ல நிழல் விழுது, உங்க சேலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காயப் போடுங்க" என்பது தெருவின் புதிய சண்டையானது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளையாகப் பள்ளிக்குப் போனார்கள்.

இது அதிகாரியின் கண்ணில் படாமல் இருக்குமா? விருதுக்கு முன் கடைசி முறையாகப் பார்வையிட வந்தவர், பேனலைப் பார்க்கக் கூரை மேல் ஏறினார். அங்கிருந்து தெருவைப் பார்த்தார். இறங்கி வரும்போது அவர் முகம் சிவந்திருந்தது.

"அங்கே கழிவுநீரைச் சுத்தம் பண்றாங்க! அனுமதி உண்டா? கதவு உண்டா? ஒரு கூரையாவது உண்டா?"

மேனேஜர் சந்தேகத்தைத் தன் அறைக்கு அழைத்தார். முறையான விசாரணை. கணக்கர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்.

"நிறுவனத்தோட தொழில்நுட்பத்தை வெளியில பயன்படுத்தியிருக்கே."

"குப்பைன்னு சொன்னீங்களே சார்."

"டைல்ஸ்தான் குப்பை. தொழில்நுட்பம் குப்பை இல்லை. அதோட, நம்ம சூரியனை வேற சொந்த வேலைக்குப் பயன்படுத்தியிருக்கே."

"நம்ம சூரியனா சார்?"

"பின்னே? மேல இருக்கிற பேனல் யாரோடது?"

"சார், நீங்க அதுக்கு ஓய்வு குடுத்தப்புறம்தான் சார் நான்... சும்மா இருக்கேன்னு..."

"ஓய்வுல இருக்கிறவர் வெளியில வேலை பார்க்கக் கூடாது. விதி இருக்கு."

கணக்கர் ஆமென்று தலையாட்டினார்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தத் தெருவுல ஒரு பேசின் இருக்கக் கூடாது. இருந்தா, நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே. தண்ணி சுத்தம் பண்ண அங்கீகாரம் இருக்கிற இடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அது நம்ம நிலையம். புரியுதா?"

புரிந்தது. சாயங்காலம் சந்தேகமே வீடு வீடாகப் போய் டைல்ஸை வாங்கி மூட்டை கட்டினார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது அவருக்கு. மகளின் சட்டை அடுத்த துவையலிலேயே ரோஸாகிவிட்டது. பள்ளியிலிருந்து அவள் ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தாள்: ஊரிலேயே பெரிய கூடம் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பதால், விருது விழா அங்கேதான். 'தூய்மையின் சாட்சி'யாகப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார வேண்டும். வெள்ளையில் வராதவர்கள் பெயர் நீக்கப்படும். வராமலே இருப்பவர்கள் பெயரும்தான்.

அந்த வாரம் மேனேஜருக்கும் ஒரு சட்டைப் பிரச்சினை வந்தது.

விழாவில் பட்டறை நிர்வாகிகள் எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. பையின் மேல் தங்க நூலில் 'ஒளிநீர்' என்று தைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். மேனேஜர் அதைப் போட்டுப் பார்த்தார். அழகு பார்க்க நிலையத்துக்குள் ஒரு சுற்று நடந்தார். நீல வெளிச்சத்தில் கால் வழுக்கித் தொட்டியில் கையை ஊன்றிவிட்டார். உள்ளே கறை எதுவும் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் முழங்கைவரை ரோஸ்.

விழாவுக்கு முதல் நாள் அவர் சந்தேகத்தைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை கணக்கர் இல்லை.

"உட்காருப்பா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" ஒரு பொட்டலத்தை மேஜை மேல் நகர்த்தினார். "உங்க வீட்டம்மா சட்டையெல்லாம் நல்லா வெளுப்பாங்களாமே. அந்தப் பேசின்ல... யாருக்கும் தெரியாம..."

சந்தேகம் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார். மனைவி பிரித்துப் பார்த்தாள். தங்க எழுத்தை விரலால் தடவினாள்.

"இப்ப என்ன பண்றது? பேசின் வைக்கக் கூடாதுன்னார். இவரே பேசின்ல போடச் சொல்றார். எது சரி?" என்றார் அவர்.

"இதுல என்னங்க சந்தேகம்? தண்ணி சுத்தம் பண்ண அங்கீகாரம் இருக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான்னு அவர்தானே சொன்னார்? அங்கேயே அலசுங்க." சட்டையை மடித்து அவர் கையில் வைத்தாள். "நல்லா முக்கி அலசுங்க. திட்டுத்திட்டா இருந்தா அசிங்கமா இருக்கும்."

அவர் சாயப்பட்டறைக்காரர். துணி முழுக்க ஒரே சீராகப் பிடிக்க எப்படி முக்க வேண்டும், எப்படிப் புரட்ட வேண்டும் என்பதை மட்டும் அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

விழா நாள் காலை. மேனேஜரின் கார் நிலையத்தின் கதவருகே உறுமிக்கொண்டு நின்றது. மேனேஜர் உள்ளே ஓடி வந்து, நீல விளக்கின் கீழே சட்டையை விரித்துப் பார்த்தார். கறை இருந்த கைக்கும் இல்லாத கைக்கும் வித்தியாசமே இல்லை.

"அடேயப்பா! ஒரு பொட்டு இல்லையே! நம்ம தண்ணியா?"

"நம்ம நிலையத்துத் தண்ணியேதான் சார்."

"பார்த்தியா! இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்." அங்கேயே மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டார்.

சந்தேகத்தின் மனச்சாட்சி கேட்கவில்லை. "சார், சரியா இருக்குமா? வெளியில போய் வெயில்ல ஒரு தடவை..."

"உன் சந்தேகத்தை இன்னைக்கு ஒரு நாளாவது மூட்டை கட்டி வைய்யா! நேரமாச்சு!"

கார்க் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. ஓட்டுநர் மட்டும் பின்காட்டும் கண்ணாடியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். பார்த்ததைச் சொல்வது அவருடைய பணி விவரத்தில் இல்லை.

பள்ளி வாசலில் வழக்கம்போல நாற்காலி. நாற்காலியில் தலைமையாசிரியை, மடியில் பெயர்ப்பட்டியல், கையில் பேனா. வாசலுக்கு இடப்பக்கம், சுவரோரமாக, அந்தத் தெருப் பிள்ளைகள் ரோஸ் ரோஸாக வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் சந்தேகத்தின் மகள். உள்ளே ஒலிபெருக்கியில், "தூய்மைக்கு மறுபெயரான நிலையம்..." என்று யாரோ ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

கார் நின்றது. மேனேஜர் இறங்கினார். நல்ல வெயில். ஓய்வில் இருந்தாலும் சூரியன் அன்று வேலைக்கு வந்திருந்தது.

மேனேஜர் கூடத்தைப் பார்த்தபடி, சிரித்த முகமாக, இரண்டு எட்டு வைத்தார். குறுக்கே ஒரு பேனா நீண்டது. தலைமையாசிரியை நிமிரவில்லை. காலரை மட்டும் பார்த்தார்.

"நிறம் எல்லாம் அந்தப் பக்கம். பேர் என்ன?"

மேனேஜர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். காலர் முதல் கைவரை ஒரே சீராக ரோஸ். தன் நிலையத்துத் தண்ணீர் அசுத்தம் என்று சொல்ல வேண்டும், அல்லது வரிசையில் நிற்க வேண்டும்.

சந்தேகத்தின் மகள் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள்.

"இங்க வந்து நில்லுங்க மாமா. நீங்களும் எங்க தெருவா?"